கை காட்டிக் கூப்பிட்டவன்

பனையேரிக்குப்பம் வந்தால் சொல்லுங்க தம்பி. ஊர் எனக்குத் தெரியாமல் இல்லை, என் பெண்ணைக் கொடுத்த ஊர்தான். நான் இந்தப் பக்கம் வந்து ஒரு வருஷத்துக்கு மேலே ஆச்சு. அதற்குள் ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டான், எது எந்த ஊர் என்றே பிடிபடவில்லை. நீங்க சொன்னால் போதும். இறங்குவேனா மாட்டேனா என்பது வேறு விஷயம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? டிக்கெட் புதுச்சேரிக்குத்தான் எடுத்திருக்கேன். அங்கே என் தங்கச்சி வீடு. பனையேரிக்குப்பம் ஸ்டாப்பில் என் சம்மந்தி வந்து நின்று, வாயைத் திறந்து, 'வாங்க சம்மந்தி' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் இறங்குவேன். கூப்பிடவில்லையா, பஸ் போகும், நானும் போவேன்.

இன்றைக்குப் பேத்திக்குக் காது குத்து. பிறந்ததிலிருந்து நான் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தணும். தாய்மாமன் யார், என் பையன். அவன் குவைத்தில் இருக்கான், லீவு கிடைக்கவில்லை. அவனுக்குப் பதில் நான்தான் உட்காரணும். நான் போகாவிட்டால் எவனாவது ஒன்றுவிட்ட மாமன் மடியில் தூக்கி வைத்துவிடுவார்கள். வைக்கட்டும். குழந்தைக்குப் பேர் என்ன தெரியுமா, தான்யாவாம். என்ன அர்த்தம் என்று என் பெண்டாட்டியைக் கேட்டால், 'நல்ல அர்த்தந்தான்' என்கிறாள். அவள் முந்தாநாளே போய்விட்டாள். அவளுக்கு ரோஷம் கிடையாது.

நானா? போட் ஓட்டுகிறேன். மாசிலாமணி என்று சொன்னால் எங்கள் பக்கம் தெரியும். மீன் பிடிக்கிற போட் இல்லை, கடலுக்குப் போவதை முட்டிவலி வந்ததும் விட்டாச்சு. எங்கள் ஊர் உப்பங்கழியோரமாக ஒரு ரிசார்ட் கட்டியிருக்கான். அதில் வாட்டர் ஸ்கீயிங் என்று ஒரு கூத்து. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க, ஒன்றும் நஷ்டமில்லை. காலில் இரண்டு பலகையை மாட்டிக்கொண்டு ஒரு ஆள் தண்ணீரில் குந்தியிருப்பான். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனை என் போட்டில். நான் கிளப்பினால் அவன் எழுந்து நின்று தண்ணீர் மேலேயே சறுக்கிக்கொண்டு வருவான். வருவான் என்றால், உடனே வரமாட்டான். குப்புற விழுந்து, மல்லாக்க விழுந்து, மூக்கில் வாயில் உப்புத்தண்ணி ஏறி, அப்புறம் வருவான். நாங்கள் கடலுக்குப் போகிற காலத்தில் வலைக்கயிறு காலில் சுற்றி ஒருத்தனை இழுத்துப்போனால் ஊரே அழுதுகொண்டு கரைக்கு ஓடிவரும். இதுகள் பணம் கட்டி இழுபடுதுகள். இழுபட்டு முடிந்ததும் போட்டோ.

அதையாவது விட்டுத்தள்ளலாம். அந்தக் கைப்பாஷை இருக்கே, அதைச் சொல்லணும்.

கயிற்றில் வருகிறவன் கத்தினால் போட்டுக்குக் கேட்காது, இஞ்சின் இரைச்சல் அப்படி. அதனால் கையால்தான் பேசணுமாம். மேனேஜர் பிரதீப் என்று ஒரு பையன், எங்கேயோ போய்ப் படித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். கட்டைவிரலைத் தூக்கினால் இன்னும் வேகம் வேணும். கட்டைவிரலைக் கவிழ்த்தால் மெதுவாகப் போ. எங்கள் ஊரில் ஒருத்தன் மூஞ்சிக்கு நேரே கட்டைவிரலை ஆட்டிப்பாருங்க, உனக்கு ஒன்றும் கிடையாது போடா என்று அர்த்தம், அப்புறம் பல்லைப் பொறுக்கிக்கொண்டு வரணும். தலையில் தட்டிக்கொண்டால் கரைக்குத் திரும்பு. முதல் நாள் ஒருத்தர் தட்டிக்கொண்டு வந்தார், பாவம், வீட்டில் ஏதோ துக்கம் போலிருக்கு என்று நான் நினைத்தேன். கழுத்துக்குக் குறுக்கே கையால் வெட்டினால் இஞ்சினை அணை. விழுந்து மிதக்கிறவன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல, இரண்டு கையையும் தலைக்கு மேலே கோத்துக் காட்டணும். கோக்கவில்லையா, ஆபத்து, உடனே போட்டைத் திருப்பிக்கொண்டு ஓடணும். எஞ்சினியருக்குப் படித்தவன், டாக்டருக்குப் படித்தவன் எல்லாம் வாயை மூடிக்கொண்டு குரங்கு மாதிரி கையை ஆட்டுவான். அதைப் பார்த்து நான் வண்டி ஓட்டணும்.

நான் எங்கே பார்ப்பது? நான் முன்னால் பார்த்து ஓட்டுகிறவன். அதனால் பின்னால் பார்த்து உட்கார போட்டில் இன்னொரு ஆள் உண்டு. அப்சர்வர் என்று அதற்கு ஒரு பெரிய பேர். வேலை என்ன, வருகிறவன் காட்டுகிற கையைப் பார்த்து எனக்குச் சொல்வது, எவனாவது விழுந்தால் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடிப்பது. உட்கார்ந்த இடத்தில் சம்பளம். அந்த அப்சர்வர் யார் என்கிறீங்க, என் சம்மந்தி தேசிங்குதான். நான்தான் சேர்த்துவிட்டேன், தினமும் பஸ்ஸில் வந்துபோகிறான். கல்யாணமான புதிது, 'சம்மந்தி சம்மந்தி' என்று ஒரே தட்டில் சாப்பிடாத குறை.

அப்புறம் வந்தது பாருங்க, என் பெண் சுகந்திக்கு வளைகாப்பு. அவன் வீட்டில்.

நான் சீரோடு போறேன். பழம், பூ, புடவை, வளையல், எதிலும் குறை வைக்கவில்லை. எங்கள் ஜனம் ஒரு வேன் நிறைய. வாசலில் மைக் செட்டுக்காரன் இரண்டு பெட்டியை இந்த பஸ் உயரத்துக்கு நிறுத்தி அலறவிட்டிருக்கான். பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டி சொல்வது எனக்குக் கேட்கவில்லை, நான் சொல்வது அவளுக்குக் கேட்கவில்லை. பந்தி ஆரம்பித்தாச்சு. எங்கள் ஜனமெல்லாம் உட்கார்ந்தாச்சு. நான் பந்தல் காலோரம் நிற்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து கையைப் பிடித்து, 'வாங்க சம்மந்தி, சாப்பிடலாம்' என்று வாயால் கூப்பிடணும். அதுதான் முறை. கூப்பிடாமல் போய் இலையில் உட்கார நான் என்ன பிச்சைக்காரனா?

இந்த தேசிங்கு என்ன பண்ணினான் தெரியுமா? பந்திக்கு அந்தக் கோடியில் நின்றுகொண்டு, கையைத் தூக்கி, நாலு விரலையும் மடக்கி மடக்கிக் கூப்பிட்டான். நாயைக் கூப்பிடுகிற மாதிரி. அதுவும் எந்தக் கையால், இடது கையால்.

என்ன கேட்டீங்க? வலது கையில் என்ன வைத்திருந்தானா? சாம்பார் வாளி. ஆமாம், வாளி வைத்திருந்தான். அதற்கு என்ன? கீழே வைக்கக் கூடாதா? பரிமாற ஆள் போட்டிருக்கான், இவனை யார் வாளியைத் தூக்கச் சொன்னது? 'எங்க சம்மந்தி வீட்டு ஜனத்துக்கு நானேதான் போடுவேன்' என்று பெரிய மனுஷத்தனம். முதல் வரிசையில் ஒரு இலையை யாரையும் உட்காரவிடாமல் காலியாக வைத்து, அதைக் காட்டிக் காட்டிக் கூப்பிடுகிறான். இலை இருந்து என்ன பண்ண, மரியாதை இல்லையே.

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன், வெளியே வந்துட்டேன். சுகந்தி இரண்டு கையும் நிறைய வளையலோடு தெருவரைக்கும் வந்தாள். 'அப்பா' என்றாள். நான் திரும்பவில்லை. முறைப்படி அன்றைக்கே அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கணும். எங்கே அழைத்து வருவது, நான்தான் கோபத்தில் வந்துட்டேனே. அவனே கொண்டுவந்து விட்டு, ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று இருந்தேன். வந்தான். கொண்டுவந்து விடவில்லை, தனியாக வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தால்தானே வார்த்தை சொல்வான் என்று என் பெண்டாட்டி கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும். குழந்தை அங்கேயே பிறந்தது.

வேலையை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. நான் ஏன் விடணும், நான் முதலில் வந்தவன். அவனுக்கு விட மனசில்லை. ஒரே போட்டில் நான் முன்னால் பார்த்து, அவன் பின்னால் பார்த்து. முதுகுக்கு முதுகு. ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்க வேண்டியதில்லை, அந்த வசதி வேறு எந்த வேலையில் கிடைக்கும் சொல்லுங்க. பேச்சுவார்த்தை கிடையாது. வேகம் வேணும் என்று கயிற்றில் வருகிறவன் கட்டைவிரலைத் தூக்கினால், தேசிங்கு டீசல் கேனைப் பார்த்துச் சொல்வான்: 'கேனு, இன்னும் கொஞ்சம் வேகமாப் போவணுமாம்.' நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொல்வேன்: 'போறதுக்குத்தானே இருக்கோம், பறக்கவா முடியும்.' மேனேஜர் பையன் ஒருநாள் கூடவே வந்தான். 'என்ன அங்கிள், ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கிறீங்க?' என்றான். 'வயசாச்சு சார்' என்றேன். தேசிங்கு சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவன் தயவே வேண்டாம் என்று நான் ஒரு கண்ணாடி வாங்கி முன்னால் மாட்டினேன். லாரிக் கண்ணாடி. பின்னால் வருகிறவனை நானே பார்த்துக்கொள்வேன் என்று. பார்த்தால் என்ன தெரிகிறது? தேசிங்குடைய முதுகு. அவ்வளவு பெரிய முதுகு. ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெரியும்.

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாசி மாசம் ஒரு பெண் வந்தது, சென்னையிலிருந்து. நன்றாகச் சறுக்கும், சும்மா சொல்லக் கூடாது. அன்றைக்கு முகத்துவாரத்துப் பக்கம் போய்த் திரும்பணும், அங்கே விழுந்துவிட்டது. விழுந்தது எனக்குத் தெரியும். கயிறு லேசானால் இஞ்சின் சத்தம் மாறும், அதைச் சொல்ல எனக்கு அப்சர்வர் தேவையில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியது அவன் வேலை. சொல்லட்டும் என்று நேராகவே போறேன். கண்ணாடியில் பார்க்கிறேன். பார்த்தால், தம்பி, அதே கை. முழு உடம்பையும் என் பக்கம் திருப்பி, இடது கையைத் தூக்கி, நாலு விரலையும் மடக்கி மடக்கி, வா வா என்று. திரும்பு என்கிறான். வலது கையில் கொடி பிடித்திருந்தான், அது தெரிந்தது. கேனைப் பார்த்துச் சொல்கிறவனுக்கு அன்றைக்கு மட்டும் கை எதற்கு? வளைகாப்பில் பார்த்த கை, அப்படியே.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிப்போச்சு. வாயால் சொல்லட்டும் என்றேன். மனசுக்குள்தான். நேராகவே விட்டேன். எவ்வளவு நேரம் இருக்கும், ஒரு வெற்றிலையைக் கிள்ளி மடித்து வாயில் போடுகிற நேரம். கண்ணாடியில் அந்தக் கை இன்னும் வேகமாக மடங்குது. நான் பார்த்துக்கொண்டே போறேன். யார் முதலில் விடுவது என்று பார்த்துடலாம்.

அவன் விட்டான். என் காதுக்குப் பக்கத்தில் வந்து, 'சம்மந்தி, திருப்புங்க, பொண்ணு கையக் கோக்கல' என்றான்.

வளைகாப்புக்குப் பிறகு அவன் என்னிடம் பேசின முதல் வார்த்தை. சம்மந்தி என்றான். நான் உடனே திருப்பினேன், ஒரே வெட்டு. எனக்குத் திருப்பத் தெரியாதா. அங்கே போய்ப் பார்த்தால் அந்தப் பெண் தலையை அண்ணாந்து மிதக்குது, ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு. தோள்மூட்டு நழுவிப்போச்சு, பிறகு எப்படிக் கோக்கும். கடலிலிருந்து ஒரு ஃபைபர் போட் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அவன் கொடியைப் பார்த்து ஒடித்துக்கொண்டு போனான், இல்லையென்றால் மேலேயே ஏறியிருப்பான். போகிறபோது எங்களைப் பார்த்து என்னவோ திட்டினான். என்ன திட்டினான் என்று கேட்கவில்லை, இரைச்சல்.

ஒன்றும் ஆகவில்லை தம்பி, நீங்க எதற்கு முகத்தை அப்படி வைத்துக்கொள்றீங்க. ஆஸ்பத்திரியில் தோள்மூட்டைப் பொருத்தி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் அப்புறம் வரவே இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு எதிலும் நிலையாக ஒரு மனசு கிடையாது.

இதில் எனக்கு என்ன ருசுவாச்சு என்று கேளுங்க. அவனுக்கு வாய் இருக்கு. அவசரம் என்றால் வாய் திறக்கிறான், சம்மந்தி என்கிறான். அப்போ வளைகாப்பன்றைக்கு வாய் இருந்தும் திறக்கவில்லை. இதைவிட வேறே சாட்சி வேணுமா?

மேனேஜர் பையன் கூப்பிட்டு விசாரித்தான். ஏன் உடனே திரும்பவில்லை என்று. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலே இந்த தேசிங்கு சொல்கிறான்: 'கயிறு ப்ரொப்பெல்லர்ல சுத்தப் பாத்திச்சு சார். நாந்தான் அவர நேரா விடச் சொன்னேன். கயிற எடுத்துப்போட்டப்புறந்தான் திருப்பினாரு.' வாய் கூசாமல் பொய். அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை. நான் அசந்துபோயிட்டேன். இப்படிப் பொய் சொல்கிறவன் வீட்டில் என் பெண் எப்படிக் காலம் தள்ளுகிறாள் என்றுதான் அன்றைக்கு ராத்திரி என் பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதோடு விடாமல் மேனேஜர் ஒரு சட்டம் போட்டான். தினமும் காலையில் போட் எடுப்பதற்கு முன்னால் டிரைவரும் அப்சர்வரும் எதிரெதிரே நின்று எல்லா சைகையும் பழகணும். ஒருத்தர் காட்டினால் மற்றவர் அதையே திருப்பிக் காட்டணும். திருப்பிக் காட்டினால்தான் புரிந்ததாகக் கணக்கு. காட்டாவிட்டால் சாவி கொடுக்க மாட்டான். நீங்களே யோசித்துப் பாருங்க, பேரன் பேத்தி எடுத்த இரண்டு கிழவன்கள் போட் கட்டுகிற பலகைப் பாலத்துமேல் நின்றுகொண்டு, அவன் கட்டைவிரலைத் தூக்குகிறான், நான் கட்டைவிரலைத் தூக்கறேன். அவன் தலையில் தட்டிக்கொள்கிறான், நான் தட்டிக்கொள்றேன். அவன் கழுத்தை வெட்டுகிறான், நான் வெட்டறேன். இதை மட்டும் கொஞ்சம் மனசார வெட்டுவேன். ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவர்களெல்லாம் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை.

போன வாரம் ஒருநாள், எல்லாம் முடிந்தது. நான் சாவிக்குக் கை நீட்டறேன். தேசிங்கு நகரவில்லை. என்னைப் பார்த்து நின்றுகொண்டு, தன் காது மடலைப் பிடித்தான். விரலால் அதில் ஒரு குத்து. அப்புறம் தன் தொடையில் இரண்டு தட்டு. என்னைக் காட்டினான். இரண்டு கையையும், இரண்டு கை தம்பி, ஒன்றாகச் சேர்த்து, வாங்க என்று முன்னால் நீட்டினான். வாயில் ஒரு சொல் கிடையாது.

மேனேஜர் முழிக்கிறான். 'அங்கிள், இது என்ன சிக்னல்? இது நம்ம லிஸ்ட்ல இல்லையே' என்றான். தேசிங்கு, 'இது பழைய சிக்னல் சார். அவருக்குத் தெரியும்' என்றான். மேனேஜர் என் பக்கம் திரும்பி, 'தெரியும்னா திருப்பிக் காட்டுங்க அங்கிள், டயமாச்சு' என்றான்.

நான் என்ன பண்ணட்டும்? விதி அப்படி. காட்டாவிட்டால் சாவி இல்லை. நான் என் காதைப் பிடித்தேன். குத்திக்கொண்டேன். தொடையில் தட்டினேன். வேலைக்காகத் தட்டினேன் தம்பி, வேறே ஒன்றுமில்லை. அந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. கழிக்காற்றில் மணல் வரும், அதாக இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் என் பெண்டாட்டி மறுநாளே பையில் துணியை எடுத்து வைக்கிறாள்.

ஆக, நான் ஒன்றும் ஒத்துக்கொண்டு வரவில்லை. விதிக்குக் கட்டுப்பட்டு வரேன். அதிலும் பாதி வழிதான் வரேன். சைகைக்கு மதிப்புக் கொடுத்து பஸ் ஏறியாச்சு. இறங்குவதற்கு வார்த்தை வேணும். அதில் நான் மாறமாட்டேன். தங்கச்சிக்குக்கூடப் போன் பண்ணி, சாப்பாட்டுக்கு வந்தாலும் வருவேன், உலை வைத்துடு என்று சொல்லிட்டேன்.

என்ன, வந்துடுச்சா? இதுவா பனையேரிக்குப்பம்? மரம் இல்லாமல் மொட்டையாக இருக்கே. கொஞ்சம் சாய்ந்துக்குங்க தம்பி, நான் பார்க்கறேன்.

நிற்கிறான். புது வேட்டி கட்டியிருக்கான். கையில் என்ன அது?

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கான். இந்த வெயிலில், மொட்டை அடித்த தலையில் ஒரு துணிகூடப் போடாமல். சந்தனம் எல்லாம் வழியுது பாருங்க. என்னமாய் நெளிகிறாள். இரண்டு கையாலும் பிடித்திருக்கான், அப்படியும் அடங்க மாட்டேன் என்கிறாள். என் அம்மா மூக்கு தம்பி அது, அப்படியே உரித்து வைத்திருக்கு.

வாய் அசையுது. என்னவோ சொல்றான். உங்களுக்குக் கேட்குதா? எனக்குக் கேட்கவில்லை. இந்தப் பாட்டை அணைக்கச் சொல்லுங்க. டிரைவர் வேறே ஹாரனை அடித்துக்கொண்டே இருக்கான். கூப்பிடறான்தான் போலிருக்கு. என்ன பிரயோஜனம்? இவ்வளவு இரைச்சலில் வாயால் கூப்பிட்டால் எவனுக்குக் கேட்கும்? ஒரு கையைத் தூக்கிக் காட்டினால் என்ன குறைந்துபோகும்? அறிவே கிடையாது அந்த ஆளுக்கு, நான்தான் சொன்னேனே.

கண்டக்டர், நிறுத்துங்க, இறங்கணும். புதுச்சேரிக்கு எடுத்தால் என்ன, நடுவில் இறங்கக் கூடாது என்று சட்டமா? தம்பி, சீட்டுக்குக் கீழே என் பை இருக்கு, அதை ஜன்னல் வழியாக நீட்டுங்க. நான் வெறுங்கையோடு இறங்கறேன். எனக்கு இரண்டு கையும் வேணும்.